தாத்தா வீட்டு வெளிச்சுவத்துல இருக்கற இதெல்லாம் என்னங்க? மேஸ்திரி கிரைண்டர் எடுக்கறதுக்குள்ள சொல்லுங்க

ராகிக்களி88
வணக்கம் மக்களே. ராயக்கோட்டையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி எங்க தாத்தா கட்டின வீடு. தொட்டிக்கட்டு வீடு, முன்பக்கம் இடுப்பு வரைக்கும் கருங்கல்லு அதுக்கு மேல மண்ணு சுவரு, மங்களூர் ஓடு. பின்பக்கம் ரெண்டு ரூம்பு மட்டும் முழுக்க கல்லு சுவரு, மேல கல்லு பலகை போட்ட மொட்டை மாடி. வாசக்கால் மேல 1938னு செதுக்கி இருக்கு. தை மாசம் தங்கச்சி கல்யாணம், அதுக்குள்ள பூசி பெயிண்ட் அடிக்கணும்னு மேஸ்திரி வந்து சுத்தி பாத்துட்டு "துருத்திக்கிட்டு இருக்கற எல்லாத்தையும் அறுத்து வழிச்சு விட்டுர்றேன், சுவரு கண்ணாடி மாதிரி ஆயிரும்"ன்றாரு. எனக்கு மனசு ஒப்பல.

நாலு விஷயம், போட்டோ கீழ இருக்கு. ஒண்ணு, மேக்கால சந்துப்பக்கம், பழைய புளி கிடங்கு சுவத்துல எறவானத்துக்கு ஒரு முழம் கீழ இரும்புல பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு, நடுவுல பெரிய நட்டு, இதே மாதிரி எட்டடி தள்ளி இன்னொண்ணு, ரெண்டுல இருந்தும் துரு வழிஞ்சு சுவரே அழுத மாதிரி இருக்கு. ரெண்டு, பின்பக்க கல்லு சுவத்துல நெஞ்சு ஒசரத்துல ஆரம்பிச்சு சாய்வா மேல ஏறுற மாதிரி ஏழு கல்லு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. மூணு, திண்ணையோட அடியில சதுரமா ஒரு பொந்து, ரெண்டு பக்கமும் கல்லுல காடி வெட்டி இருக்கு, உள்ள இருட்டு. நாலு, கிடங்கு கதவுக்கு பக்கத்துல சுவத்துல இருந்து ஒரு கல்லு மட்டும் தனியா நீட்டிக்கிட்டு அதுல ஓட்டை போட்டிருக்கு.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. திங்கக்கிழமை ஆளு வர்றாங்க.

சும்மா_வந்தவன்
மூணாவது சுரங்கம் ப்ரோ. நேரா ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு போகும். எங்க மாமா ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்கு, ஆட்டுக்குட்டி உள்ள போய் மூணு நாள் கழிச்சு மலை மேல வந்துச்சாம்.

ஓசூர்க்காரி
அந்த ஆட்டுக்குட்டி தமிழ்நாடு பூரா எல்லா ஊர்லயும் போயிருக்கு, பாவம் அதுக்கு ஓய்வே இல்ல. ஏங்க, வீட்டுல 1938னு எழுதி இருக்கு. ராயக்கோட்டைய வெள்ளக்காரன் புடிச்சது 1791ல. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷம் கழிச்சு வீடு கட்டின தாத்தா எந்த ராஜாவுக்கு தப்பிச்சு ஓட சுரங்கம் வெட்டினாரு? அதுவும் தோண்டினா பாறை வர்ற நம்ம மண்ணுல?

ஓய்வு_ஓவர்சியர்
தம்பி, முதல் படத்தை பெரிசு பண்ணி பார்த்தேன். கிரைண்டரை அதுகிட்ட கொண்டு போகவே கூடாது. மத்ததெல்லாம் மெதுவா பேசிக்கலாம், இது அவசரம்.

அது டை ராடு. நீங்க வெளியில பார்க்கிறது அதோட தலைதான். உள்ள ஒரு இரும்புக் கம்பி இந்த சுவத்துல இருந்து எதிர் சுவத்துக்கு குறுக்கால ஓடும், அந்தப் பக்கமும் இதே மாதிரி பட்டையும் நட்டும் இருக்கும். ஓட்டுக் கூரையில கைமரம் ரெண்டு பக்கமும் சாய்வா உட்கார்ந்திருக்கு இல்லையா, கூரையோட பாரம் நேரா கீழே மட்டும் இறங்காது, சுவரோட தலையை வெளிப்பக்கமா தள்ளும். காலை அகட்டி வழுக்குற தரையில நின்னு பாருங்க, தெரியும். நல்ல வீட்டுல ரெண்டு கைமரத்தையும் சேர்த்து குறுக்குக் கட்டை போட்டிருப்பாங்க. கிடங்கு மாதிரி மூட்டை மேல வரைக்கும் அடுக்குற இடத்துல குறுக்குக் கட்டை இடிக்கும்னு விட்டுடுவாங்க, பத்து இருபது வருஷத்துல சுவர் வெளியில சாயும், அப்புறம் இப்படி கம்பி போட்டு இடுப்புக்கு பெல்ட் கட்டின மாதிரி இழுத்துப் பிடிப்பாங்க. பெருக்கல் குறி எதுக்குன்னா, வெறும் நட்டு மட்டும் இருந்தா மண் சுவத்துக்குள்ள புதைஞ்சு உள்ள போயிடும், அதனால பாரத்தை பரப்பி விடுறதுக்கு.

அறுத்தா அன்னைக்கே விழும்னு பயமுறுத்தல. ஆனா இத்தனை வருஷமா இழுத்துப் பிடிச்ச கையை எடுத்தா அந்த சுவர் எந்தப் பக்கம் போகும்னு நீங்களே யோசிங்க.

எந்தப் பழைய வீட்டுலயும் வெளியில புரியாத ஒண்ணு இருந்தா நான் முதல்ல செய்றது, அதே உயரத்துல அதே இடத்துல சுவரோட உள்பக்கம் என்ன இருக்குன்னு பார்க்கிறது. வெளியில மட்டும் நின்னு பார்த்துட்டு சொல்றவன் மேஸ்திரியா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி, பாதிதான் சொல்றான்.

தகடூர்_தமிழச்சி
பூகம்பத்துக்கு போட்டதா இருக்காதா சார்? அமெரிக்காவுல சார்ல்ஸ்டன்னு ஒரு ஊர்ல 1886ல பெரிய பூகம்பம் வந்ததுக்கப்புறம் வீட்டுக்கு வீடு இந்த மாதிரி கம்பி போட்டாங்கன்னு படிச்சிருக்கேன், அங்க அதுக்கு பேரே பூகம்ப போல்ட்டுதான். நம்ம பக்கமும் 1900ல கோயம்புத்தூர் பூகம்பம் வந்திருக்கே.

ஓய்வு_ஓவர்சியர்
வேலை ஒண்ணுதாம்மா, சுவரைப் பிடிச்சு நிறுத்துறது. காரணம்தான் வேற. 1938ல கட்டின வீட்டுக்கு 1900 பூகம்பத்தை இழுக்க முடியாது. கூரைத் தள்ளுதான் இது. ஹாலந்து நாட்டுல பழைய வீடுகள்ல இந்த இரும்பை எண் வடிவத்துல செஞ்சு, வீடு கட்டின வருஷத்தையே நாலு இரும்பா சுவத்துல மாட்டி வச்சிருப்பாங்க. நம்ம ஆளுங்க கொல்லன் கையில கிடைச்ச பட்டையை பெருக்கல் குறியா வளைச்சதோட சரி.

கல்லுப்பட்டறை
ரெண்டாவது படம் நம்ம சமாச்சாரம், சொல்றேன். அது படிங்கோ. மாடிக்கு ஏற்ற படி. நம்ம பக்கம் கெணத்துல பாத்திருப்பீங்களே, சுவத்துல ஒவ்வொரு கல்லா நீட்டிக்கினு இக்கும், அதுல கால் வெச்சுத்தானே எறங்குவோம், அதே வேலைதான் இங்க வீட்டு சுவத்துல. தனியா மாடிப்படி கட்ட எடமும் வாணாம் காசும் வாணாம். ராகி, கொள்ளு, புளி எல்லாம் மேல காய வெக்க ஏறுவாங்க.

நெஞ்சு ஒசரத்துல ஏன் ஆரம்பிக்குதுன்னா ஆடு ஏறிடும்ங்க. கீழ இருந்து படி வெச்சா ஆடு மொதல்ல மேல போயி காய வெச்ச ராகிய தின்னுட்டு நம்மள எட்டி பாக்கும். சின்ன பசங்களும் அப்படித்தான். அதுக்குனு மொத மூணு படிய விட்டுட்டு கீழ ஒரு மர ஏணியோ உருட்டு கல்லோ போட்டுக்குவாங்க, வேலை முடிஞ்சா எடுத்துடுவாங்க.

அந்த கல்லு வெளிய ஒரு அடி தெரியுதுன்னா உள்ள சுவரு கனம் பூரா ஓடி இக்கும், மூணடி கல்லு இருக்கலாம். அது மேல ஒக்காந்து இக்கற சுவரோட பாரம்தான் அதோட வால அமுத்தி புடிச்சுக்கினு இக்குது. அதனால கீழ இக்கற கல்லு கெட்டி, மேல போக போக அதுக்கு மேல சுவரு கம்மி, பிடியும் கம்மி. கடைசி கல்லு ரெண்டும் மேல இக்கற பலகை கூரையாலதான் நிக்குது. ஒரு கன அடி கருங்கல்லு 75 கிலோங்க, 8 அடி நீளம் 2 அடி அகலம் 4 அங்குலம் கனத்துல ஒரு பலகைன்னா 400 கிலோ. கூரைய பிரிச்சு கான்கிரீட் போடலாம்னு யாராச்சும் சொன்னா அன்னிக்கி அந்த படில யாரும் கால வெக்க கூடாது, சொல்லிட்டேன்.

இன்னொண்ணு. கல்லு விளிம்ப தடவி பாருங்க. விரல் ஆழத்துக்கு வரிசையா பல்லு பல்லா தடம் இருந்தா அது ஆப்பு குழி, உளியால குழி வெட்டி இரும்பு ஆப்பு வெச்சு சம்மட்டியால அடிச்சு பொளந்தது. பலகைய பாறையில இருந்து எடுக்கறது வேற கதை, பாறை மேல வெறகு அடுக்கி கொளுத்தி நெருப்ப மெதுவா நகத்திக்கினே போவாங்க, சூட்டுல பாறை தட்டா மேல எழும்பிக்கும், தட்டி பாத்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும் எதுவரைக்கும் கழண்டுச்சுன்னு. எங்க தாத்தா செஞ்சாரு. இப்ப மெஷின் போட்ட கல்லுல நீளமா பாதி குழாய் மாதிரி தடம் இருக்கும். அது இருந்தா அந்த கல்லு அப்புறமா வெச்சது.

பென்னாகரம்_பொண்ணு
நடுவுல பூந்துக்கறேன் சாரி. எங்க தெருவுல ஒரு பழைய பெரிய வீட்டு சுவத்துல வரிசையா, ஒரே அளவுல, அஞ்சடிக்கு ஒண்ணா சதுர ஓட்டை. புறாவுக்கா?

கல்லுப்பட்டறை
சாரம் கட்டின ஓட்டை. சவுக்கு கட்டைய சுவத்துக்குள்ளயே சொருகி மேல ஏறி கட்டுவாங்க, முடிஞ்சதும் கட்டைய உருவிட்டு ஓட்டைய அடைக்க மறந்துடுவாங்க. புறா அப்புறம் வந்து குடி ஏறுனது.

தகடூர்_தமிழச்சி
மூணாவது பொந்துக்கு நான் சொல்றேன், தானியம் எடுக்கற மடை. திண்ணைக்குள்ள குதிர் மாதிரி கட்டி மேல இருந்து ராகிய கொட்டுவாங்க, கீழ பலகைய தூக்கினா கொட்டும். ரெண்டு பக்கமும் காடி இருக்குன்னு சொல்றீங்க, பலகை மேலயும் கீழயும் ஏறி எறங்கத்தான். தர்மபுரியில எங்க பாட்டி வீட்டுல தொம்பைக்கு இதே மாதிரி வாய் இருந்துச்சு.

ஓசூர்க்காரி
அக்கா, உங்க பாட்டி வீட்டு வாய் வீட்டுக்குள்ள இருந்துச்சா தெருப்பக்கம் இருந்துச்சா? தெருவுல பலகைய தூக்கினா ராகி கொட்டும்னா ஊர்ல மொத ஆளா நான் ஒரு முறத்தோட வந்து நிப்பேன்.

தகடூர்_தமிழச்சி
:) சரி, அது நியாயம். ஆனா காடி எதுக்கோ பலகை ஏத்தத்தான், அத விட்டுத்தர மாட்டேன்.

மொரப்பூர்_ஜங்ஷன்
எல்லாரும் கேட்ட நாலையும் பாக்கறீங்க, கேக்காத அஞ்சாவத யாருமே பாக்கல. மொத போட்டோவுல இடது ஓரம், திண்ணைக்கு மேல தாவாரம் இறங்குது பாருங்க, அதுக்கு உத்தரமா மரம் இல்ல, இரும்பு போட்டிருக்காங்க, அதோட முனை சந்துப்பக்கம் சுவத்த தாண்டி ஒரு ஜாண் நீட்டிக்கிட்டு இருக்கு. வெட்டு முகத்த பெரிசு பண்ணுங்க. மேல உருண்டையா குட்டி தலை, நடுவுல ஒல்லி இடுப்பு, கீழ அகலமா தட்டைப் பாதம். அது சாதாரண இரும்பு கர்டர் இல்லங்க, தண்டவாளம்! அதுவும் இப்ப ஓடுற பெரிய ரயிலோட தண்டவாளத்துல பாதி ஒசரம் கூட வராது.

நம்ம பசங்களுக்கு தெரியாது, மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடிச்சு, 1906ல ஆரம்பிச்சாங்க, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ரெண்டரை அடிதான், அப்புறம் அத ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கும் இதே மாதிரி ஒண்ணு ஓடிச்சு. பஞ்ச காலத்துல தானியம் கொண்டு வரணும்னு போட்ட லைனுங்க. ரெண்டையும் ரெண்டாம் உலகப்போர் சமயம், 1941ல மூடிட்டாங்க. கிருஷ்ணகிரிக்கு அதோட ரயில் போச்சு, இன்னிக்கு வரைக்கும் வரல, அது வேற வயித்தெரிச்சல்.

தண்டவாளத்தோட இடுப்புப் பட்டையில கம்பெனி பேரும் வருஷமும் புடைப்பா உருட்டி வந்திருக்கும். துருவ தேச்சு பாருங்க. கை நடுங்குதுங்க எனக்கு.

ஓய்வு_ஓவர்சியர்
அது அந்த லைன் தண்டவாளம்தான்னு இப்பவே முடிவு பண்ணிடாதீங்க. பழைய தண்டவாளம் ஏலத்துல எங்கிருந்து வேணாலும் வரும், சர்க்கரை ஆலை, சுரங்கம், எல்லா இடத்துலயும் குட்டித் தண்டவாளம் இருந்திருக்கு. ஆனா ஒண்ணு, அது உண்மையிலேயே அந்த லைன்ல இருந்து வந்திருந்தா, 1938 வீட்டுல 1941க்கு அப்புறம்தான் அது ஏறியிருக்க முடியும். அப்ப தாவாரம் பின்னால சேர்த்தது. திண்ணைச் சுவரும் வீட்டுச் சுவரும் சேர்ற மூலையில மேல இருந்து கீழ வரைக்கும் நேரா ஒரு பிரிவுக் கோடு இருக்கான்னு பாருங்க. ஒரே நேரத்துல கட்டின சுவர்னா கல்லு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். பின்னால ஒட்டினதுன்னா கோடு தெரியும்.

தம்பி, நாலாவது கல்லுக்கு அளவு குடுங்க. தரையில இருந்து எத்தனை அடி, ஓட்டை மேலிருந்து கீழா இல்ல பக்கவாட்டுலயா, எந்த இடத்துல தேய்ஞ்சிருக்கு.

சும்மா_வந்தவன்
குதிரை கட்ற கல்லு.

ராகிக்களி88
எல்லாருக்கும் நன்றிங்க, இவ்ளோ பேர் வருவீங்கன்னு நெனைக்கல. நேத்து நாள் பூரா இதே வேலைதான்.

ஓட்டை கல்லு தரையில இருந்து ஏழடி, மேல கை எட்டாம ஸ்டூல் போட்டு ஏறித்தான் பாத்தேன். ஓட்டை பக்கவாட்டுல இருக்கு, ஒரு பக்கம் விட்டா மறுபக்கம் வரும், ரெண்டு விரல் தாராளமா போகும். ஓட்டைக்குள்ள மேல்பக்கம் சொரசொரன்னு உளி பட்ட மாதிரியே இருக்கு, கீழ்பக்கம் மட்டும் பள்ளமா தேஞ்சு வழவழன்னு, அம்மிக்கல்லு நடுவுல இருக்குமே அந்த மாதிரி. விரல வெச்சா வழுக்குது. கருங்கல்லு இப்படி ஆகணும்னா எத்தனை வருஷம் ஆகும்!

ஓய்வு_ஓவர்சியர்
அப்ப குதிரையும் இல்லை, மாடும் இல்லை. ஏழடி உயரத்துல மாடு கட்ட மாட்டாங்க, கட்டினாலும் மாடு கயித்தை முன்னாடியும் பக்கவாட்டுலயும் இழுக்கும், தேய்மானம் ஓட்டையோட முன் விளிம்புல இருக்கும். கீழ் உதடு மட்டும் தேய்ஞ்சிருக்குன்னா நேரா கீழே பாரம் தொங்கியிருக்கு, அதுவும் ஆடிக்கிட்டே தொங்கியிருக்கு. கிடங்கு கதவுக்குப் பக்கத்துல, புளிக் கிடங்கு வேற. தராசு.

ஓசூர்க்காரி
அடடா. உடம்பு சிலிர்த்துருச்சு சார்.

கல்லுப்பட்டறை
ஆமாங்கோ, தராசுதான். மணங்கு கணக்குல போடுவாங்க. ஒரு மணங்குக்கு எட்டு வீசை, ஒரு வீசை இப்ப கணக்குல 1.4 கிலோ வரும். ரெண்டு தட்டையும் சங்கிலியில கட்டி நடு கம்பிய கயித்தால இந்த கல்லுல மாட்டுவாங்க. ஒரு தட்டுல எடை கல்லு ஒரு தட்டுல புளி. கயிறு ஆட ஆட கல்லு தேஞ்சிடும். கயிறு கல்ல தின்னும், நெறைய பேரு நம்ப மாட்டாங்க, கெணத்து மேட்டு கல்ல போயி பாக்க சொல்லுங்க.

ராகிக்களி88
கடைசி அப்டேட்.

ஓவர்சியர் சார் சொன்ன மாதிரி கிடங்குக்குள்ள ஏணி போட்டு ஏறினேன். ஒட்டடையும் வௌவால் புழுக்கையும், ஆனா இருக்கு. கட்டவிரல் கனத்துல ரெண்டு கம்பி இந்த சுவத்துல இருந்து அந்த சுவத்துக்கு. சுத்தியால லேசா தட்டினேன், ஒண்ணு கோயில் மணி மாதிரி ணங்குனுச்சு, இன்னொண்ணு சட்டி மாதிரி சத்தம். மேஸ்திரிய கூப்புட்டு ஏணி மேல ஏத்தி காட்டினேன், ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசல, அப்புறம் எறங்கி வந்து "நல்ல வேளை"ன்னாரு. தூக்கு குண்டு விட்டு பாத்தாரு, சட்டி சத்தம் வந்த பக்கம் சுவத்தோட தலை ஒன்றரை அங்குலம் வெளிய இருக்கு.

ஓய்வு_ஓவர்சியர்
சத்தம் மந்தமா வந்த கம்பி தளர்ந்திருக்கு. அவசரப்பட்டு ஸ்பானர் போட்டு முறுக்காதீங்க, மண் சுவர், பட்டை உள்ள புதைஞ்சிடும், மரை தேஞ்சிருந்தா கம்பியே முறியும். பக்கத்துல இருக்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரை நேர்ல கூப்பிட்டுக் காட்டிட்டு செய்யுங்க. நல்லா இருக்கிற பட்டையை கம்பி பிரஷ்ல தேய்ச்சு ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேல எனாமல் ரெண்டு கோட்டு. துரு ஏற ஏற ஊதிக்கிட்டு இரும்பை விட பல மடங்கு இடம் பிடிக்கும், அதான் சுத்தி காரை வெடிச்சிருக்கு. இன்னொரு விஷயம், மண் சுவத்து மேல சிமெண்ட் பூசச் சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லுங்க. ஈரம் உள்ள மாட்டிக்கும், ரெண்டு மழைக்காலத்துல பாளம் பாளமா கழண்டு வரும், வரும்போது மண்ணையும் சேர்த்து எடுத்துக்கிட்டு வரும். சுண்ணாம்புதான்.

மொரப்பூர்_ஜங்ஷன்
தண்டவாளம்?? அத சொல்லுங்க மொதல்ல.

ராகிக்களி88
அத மறப்பேனா ஜங்ஷன் அண்ணா. மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வெச்சு ஒரு மணி நேரம் தேச்சேன். எழுத்து இருக்கு, இங்கிலீஷ் பெரிய எழுத்து, பாதி காரைக்குள்ள போயிருச்சு. அதுக்கு பக்கத்துல வருஷம், 1, 9, 0 தெளிவா தெரியுது, கடைசி எண்ண துரு தின்னுருச்சு. அஞ்சு மாதிரியும் இருக்கு, மூணு மாதிரியும் இருக்கு. மூலையில பிரிவுக் கோடு இருக்கு, சார் சொன்ன மாதிரியே, விரல் நகம் உள்ள போகுது, ஆக திண்ணையும் தாவாரமும் அப்புறம் கட்டினதுதான்.

இப்ப பொந்து. எல்லாரும் என்ன மன்னிக்கணும், மொதல்லயே ஆயாவ கேட்டிருக்கணும். கட்டில்ல படுத்துக்கிட்டு இருந்துச்சு, போட்டோவ காட்டுனா கண்ணு தெரியலைன்னு கைய புடிச்சு வெளிய கூட்டிட்டு வர சொல்லுச்சு, திண்ணை கிட்ட உக்காந்து காடிய விரலால ஒரு தடவ தடவிட்டு சிரிக்குது. "கோழி அடைக்கற பொந்துடா இது, சாயங்காலம் ஆனா பலகைய மேல இருந்து காடியில எறக்கிருவேன், கீரி, காட்டுப்பூனை ஒண்ணும் வராது." அப்புறம் தராசு கல்ல கேட்டேன், அதுக்கு ஆயா, "உங்க தாத்தன் எடை போடுறப்ப நான் உள்ள இருந்தே சங்கிலி சத்தத்த வெச்சு எத்தனாவது மணங்குன்னு எண்ணுவேன், அந்த ஆளு ரெண்டு விட்டுட்டு எண்ணுவாரு"ன்னுச்சு. படிய பத்தி கேட்டதுக்கு, ஆடு ஏறாம இருக்கத்தான்னு கல்லுப்பட்டறை அண்ணன் சொன்னதையே சொல்லுச்சு, ஆனா ஒரு கெடா மட்டும் பக்கத்துல இருந்த வெறகு அட்டி மேல ஏறி அங்க இருந்து தாவி மேல போயிருச்சாம், கறி சமைச்சுட்டாங்களாம்.

தகடூர்_தமிழச்சி
காடி பலகைக்குத்தான்னு நான் சொன்னேனா இல்லையா!

சும்மா_வந்தவன்
கோழி பொந்துக்கு பின்னாடி சுரங்கம் இருக்கலாம்ல.

ராகிக்களி88
ப்ரோ, நாலடி கம்பு விட்டு பாத்துட்டேன், மூணரை அடியில கல்லு இடிக்குது. உள்ள இருந்து வந்தது ஒரு மரப்பாச்சி பொம்மையோட கையும், கொஞ்சம் முட்டை ஓடும்.

மேஸ்திரி பொந்த அடைக்கறதுக்கு ரெண்டு செங்கல்லு எடுத்து வெச்சிருந்தாரு, ஆயா வேணாம்னுருச்சு. கல்யாணம் முடிஞ்ச கையோட ராயக்கோட்டை சந்தையில ரெண்டு பெட்டக்கோழி வாங்கிட்டு வரணுமாம். பலகை மட்டும் புதுசா போடணும், காடி அளவு முக்கால் அங்குலம், வேப்பம்பலகை நல்லா இருக்குமா பலாவா?

கல்லுப்பட்டறை
வேம்பு போடுங்கோ. செல்லு அரிக்காது.